எடை மட்டும் பார்த்தால் போதுமா?
(உடல்நலப் பாடம் – குழுக் கூட்டத்தில் ஒருவர் படிக்க, மற்றவர்கள் கேட்கவும்)



"மக மகேந்திரா சிட்டி கம்பெனிக்கு பஸ்ல போய் வர்றா. உடம்பு போட்டுடுச்சுன்னு ராத்திரி சோத்தையே விட்டுட்டா. எடை கொறஞ்சுது, ஆனா தண்ணிக் குடம்கூட தூக்க முடியல" என்று ஒரு அம்மா வருத்தப்பட்டார். இது பல வீட்டுக் கதை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்கு 40 பேர் அதிக எடை உள்ளவர்கள். பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை. அதாவது எடை கூடியும் சத்து இல்லை.

எடை என்றால் என்ன?

தராசு காட்டும் எடையில் எலும்பு, தசை, கொழுப்பு, நீர் எல்லாம் சேர்ந்திருக்கிறது. பட்டினி கிடந்தால் கொழுப்போடு தசையும் கரையும். தசைதான் நமக்குப் பலம். ரத்தத்திலுள்ள சர்க்கரையை அதிகம் செலவழிப்பதும் அதுவே.

பளு தூக்கிப் பயிற்சி செய்தால் தசை கூடும், கொழுப்பு குறையும். ஒரு கிலோ கொழுப்பு, ஒரு கிலோ தசையை விட அதிக இடம் பிடிக்கும். அதனால் எடை அப்படியே இருந்தாலும் இடுப்புச் சுற்றளவு குறையும், ஜாக்கெட் தளரும். "எடை குறையலையே" என்று பயிற்சியை விட்டுவிடக் கூடாது.

ஆம்பளை மாதிரி ஆகிடுமா?

ஆகாது. தசையைப் பெருக்கும் ஹார்மோன் பெண்களுக்கு மிகக் குறைவு. மணிப்பூர் மீராபாய் சானு சிறுவயதில் விறகு சுமந்தவர். 2021-இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ பிரிவில் போட்டியிட்டு, ஒரே தூக்கில் 115 கிலோ தூக்கினார். வெள்ளிப் பதக்கமும் வாங்கினார். தன் எடையைப் போல் இரண்டு மடங்குக்கு மேல்!

நாங்கதான் தினமும் சுமக்கிறோமே?

கோவளம், சதுரங்கப்பட்டினம் பக்கம் மீன்கூடை சுமக்கும் சகோதரிகள் இப்படிக் கேட்கலாம். அந்த உழைப்பு பெரியது. ஆனால் தினமும் அதே சுமை என்றால் உடம்பு பழகிவிடும். நம் சேமிப்பு போல, சுமையும் சிறுகச் சிறுகக் கூடினால்தான் தசை வளரும். சுமார் 30 வயது வரை எலும்பும் வலுப்பெறும். அதனால் இளம்பெண்கள் இப்போதே தொடங்குவது நல்லது.

வீட்டிலேயே செய்யலாம்

வாரம் இரண்டு நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு விட்டு:
1. நாற்காலியில் உட்கார்ந்து எழுவது – 10 முறை.
2. சுவரில் கை ஊன்றி, சாய்ந்து தள்ளுவது – 10 முறை.
3. மணல் நிரப்பிய இரண்டு ஒரு லிட்டர் பாட்டிலைத் தோளிலிருந்து மேலே தூக்குவது – 10 முறை.

சுலபமாகிவிட்டால் 12, பிறகு 15 என்று கூட்டுங்கள். அப்புறம் பாட்டிலைப் பெரிதாக்குங்கள். மூச்சை அடக்கக் கூடாது. மூன்று வேளையும் சாப்பிட வேண்டும். மீன், முட்டை, பயறு, வேர்க்கடலை, முருங்கைக்கீரை சேருங்கள்.

கர்ப்பிணிகள், புதிதாகப் பிரசவித்தவர்கள், இதயநோய், பிரஷர், முதுகுவலி உள்ளவர்கள் கிராம சுகாதாரச் செவிலியரைக் கேட்டபிறகே தொடங்கவும்.

கூட்டத்தில் பேசுவோம்

1. நம் குழுவில் யார் வீட்டுப் பெண் பட்டினி கிடந்து எடை குறைக்கிறாள்? அவளிடம் என்ன சொல்வோம்?
2. இன்று டேப் வைத்து இடுப்பை அளந்து நோட்டில் எழுதுங்கள். 80 சென்டிமீட்டருக்கு மேல் இருந்தால் கவனம் தேவை. மூன்று மாதம் கழித்து மறுபடி அளப்போம்.