பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எப்படி வருகிறது? மூன்று ஆய்வுகள் தரும் பாடம்



பூசை முடிந்து பிரசாதத்துக்காக நிற்கும் வேளையில் எமது பெற்றோர் ஒருவரையொருவர் கேட்கும் கேள்விகளில் இரண்டு அடிக்கடி காதில் விழுகின்றன. "வீட்டில் தமிழை நிறுத்தி ஆங்கிலத்தில் பேசினால் பிள்ளை வகுப்பில் முன்னேறுமா?" என்பது ஒன்று. "இலக்கணப் பயிற்சிப் புத்தகம் வாங்கிக் கொடுத்தும் ஆங்கிலம் வரவில்லையே, என்ன செய்வது?" என்பது மற்றையது.

இவற்றுக்கு ஆளுக்கொரு பதில் சொல்வார்கள். ஆனால் ஆங்கிலத்தைப் பிறமொழியாகக் கற்பவர்களைப் பற்றி வகுப்பறைகளிலேயே நடத்தப்பட்ட ஆய்வுகள் பல உண்டு. அவற்றுள் எமது வீடுகளுக்குப் பயன்படக்கூடிய மூன்றை இங்கே பார்ப்போம்.

1. சென்னையும் பெங்களூரும்: வேலை செய்து கற்றல்

1979ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை தென்னிந்தியாவில் ஒரு பரிசோதனை நடந்தது. அதை வழிநடத்தியவர் சென்னையில் பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என். எஸ். பிரபு அவர்கள். அக்காலத்தில் அங்கே பாடசாலைகளில் ஆங்கிலம் வாக்கிய அமைப்புகளாகவே கற்பிக்கப்பட்டது. இன்று ஓர் அமைப்பு, நாளை இன்னோர் அமைப்பு. ஆசிரியர் சொல்ல, வகுப்பு முழுவதும் திருப்பிச் சொல்லும். வகுப்பில் பிழையின்றிச் சொன்ன பிள்ளை வெளியே வந்தால் அதைப் பயன்படுத்தத் தெரியாமல் நின்றது.

பிரபு அவர்கள் இதை மாற்றிப் பார்த்தார். பெங்களூரிலும் சென்னையிலும் சில சாதாரணப் பாடசாலை வகுப்புகளில் இலக்கணப் பாடத்திட்டமே இல்லாமல் ஆங்கிலம் கற்பிக்கப்பட்டது. அதற்குப் பதிலாக மாணவருக்கு ஆங்கிலத்தில் வேலைகள் கொடுக்கப்பட்டன. ரயில் நேர அட்டவணையைப் பார்த்து எந்த வண்டியில் போனால் நேரத்துக்குச் சேரலாம் என்று கண்டுபிடித்தல், வரைபடத்தைப் பார்த்து வழி சொல்லுதல் போன்ற வேலைகள் அவை. முதலில் ஆசிரியர் ஒரு வேலையை வகுப்போடு சேர்ந்து கேள்வி பதிலாகச் செய்து காட்டுவார். பின்பு அதே மாதிரியான வேறொன்றை மாணவர் தாமே செய்வர். விடை சரியா என்பதே முக்கியம். மொழிப் பிழை வந்தால், சிறு குழந்தையின் மழலையைத் தாய் திருத்துவது போல, ஆசிரியர் சரியான சொல்லைச் சொல்லிக்கொண்டே மேலே போவார்.

ஒருவன் பொருளை விளங்கிக்கொள்ள முயலும்போதே அவன் அறியாமல் இலக்கணம் அவனுக்குள் வளர்கிறது என்பது பிரபு அவர்களின் கருத்து. 1984இல் அலன் பெரெட்டா, அலன் டேவிஸ் என்ற இருவர் இதை மதிப்பிட்டனர். இலக்கண அமைப்புகளை மட்டும் சோதித்த தேர்வில் பழைய முறையில் படித்தவர்கள் முன்னே நின்றனர். ஆனால் எந்த முறைக்கும் சாராத பொதுவான தேர்வுகளில் பெரும்பாலும் புதிய முறை வகுப்புகளே மேலாக இருந்தன. ஒப்பிடப்பட்டவை ஏற்கெனவே இருந்த வகுப்புகள் என்பதால் இந்த முடிவை அளவோடுதான் கொள்ளவேண்டும். பிரபு அவர்களும் எல்லோருக்கும் ஒரே சிறந்த முறை என்று எதுவும் இல்லை என்று 1990இல் எழுதினார்.

2. பீஜித் தீவுகள்: கதைப் புத்தக வெள்ளம்

1980இல் பீஜி நாட்டின் கிராமப்புறப் பாடசாலைகளில் வாரிக் எல்லி, பிரான்சிஸ் மாங்குபாய் ஆகிய இருவர் இன்னொரு ஆய்வைத் தொடங்கினர். அந்தப் பிள்ளைகளின் வீட்டுமொழி ஆங்கிலம் அல்ல. தென்னிந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட எமது மக்களின் சந்ததியினரும் வாழும் நாடு அது.

எட்டுப் பாடசாலைகளுக்கு, படங்கள் நிறைந்த 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்கள் வீதம் வழங்கப்பட்டன. நாலாம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் அவற்றை நாளாந்தம் வாசித்தனர். சில வகுப்புகளில் ஆசிரியர் வாசித்துக் காட்டிப் பிள்ளைகளோடு கதையைப் பற்றிப் பேசினார். மற்றவற்றில் பிள்ளைகள் தமக்குப் பிடித்ததை எடுத்து அமைதியாக வாசித்தனர். வேறு நான்கு பாடசாலைகள் வழக்கமான பயிற்சிகளையே தொடர்ந்தன.

முதல் ஆண்டின் முடிவில், கதை வாசித்த பிள்ளைகள் வாசித்து விளங்கும் திறனில் மற்றவர்களைப் போல ஏறத்தாழ இருமடங்கு வேகத்தில் முன்னேறியிருந்தனர். இரண்டாம் ஆண்டில் அந்தப் பயன் எழுதுதல், இலக்கணம் ஆகியவற்றுக்கும் பரவியது. இலக்கணம் தனியாகக் கற்பிக்கப்படாத பிள்ளைகள் இலக்கணத்திலும் முன்னேறினர் என்பதே இங்கு கவனிக்கவேண்டியது. செலவு சில பெட்டிப் புத்தகங்கள்தான்.

3. கனடா: இரண்டு வகை ஆங்கிலம்

மூன்றாவது ஆய்வு எமது நிலைமைக்கு மிகவும் நெருங்கியது. ரொறன்ரோவில் பேராசிரியராக இருந்த ஜிம் கம்மின்ஸ், குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளைப் பற்றி 1979 முதல் எழுதிவந்தார். மொழித் திறனை அவர் இரண்டாகப் பிரித்தார். ஒன்று விளையாட்டுத் திடலிலும் கடையிலும் பேசும் ஆங்கிலம். மற்றையது விஞ்ஞானம், சரித்திரம், கணக்கு ஆகியவற்றைப் படிக்கவும் எழுதவும் வேண்டிய ஆங்கிலம்.

முதலாவது ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வந்துவிடுகிறது. இரண்டாவதில் அவ்வயதுப் பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் செல்கின்றன. இந்த வேறுபாட்டை அறியாததால் விளைந்த கேடு சிறிதல்ல. ஆங்கிலம் கற்றுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பற்றிய 400க்கும் மேற்பட்ட உளவியல் மதிப்பீடுகளைக் கம்மின்ஸ் ஆராய்ந்தார். "இந்தப் பிள்ளை ஆங்கிலம் நன்றாகத்தானே பேசுகிறது, சோதனையில் மட்டும் ஏன் குறைவு?" என்று எண்ணி, அறிவில் குறைபாடு இருப்பதாகச் சில பிள்ளைகளை முடிவுகட்டியிருந்தனர். அவர்களுக்குக் குறைவாக இருந்தது அறிவு அல்ல, காலம்.

கம்மின்ஸ் சொன்ன இன்னொரு செய்தி எமது முதற் கேள்விக்கு விடை தருகிறது. இரு மொழிகளும் மனத்தில் தனித்தனிப் பெட்டிகளாக இருப்பதில்லை. அடியில் இரண்டுக்கும் பொதுவான அறிவு உண்டு. தோசையைப் பங்கிடும்போது அரைவாசி, கால்வாசி என்பதை அம்மம்மாவிடம் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளை, வகுப்பில் பின்னம் என்ற கருத்தைப் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. அதற்குரிய ஆங்கிலச் சொல்லை மட்டும் கற்றால் போதும். தாய்மொழியில் ஆழமாகப் பேசிச் சிந்திக்கும் பிள்ளைக்கு ஆங்கிலப் படிப்புக்கும் அதுவே அத்திவாரம்.

மாறாக, பெற்றோர் தமக்குச் சரளமாக வராத ஆங்கிலத்தில் பிள்ளையோடு பேசத் தொடங்கினால் பேச்சு சுருங்கிவிடும். "சாப்பிடு, படி, படு" என்பதோடு நின்றுவிடும். கதை இல்லை, காரணம் சொல்லுதல் இல்லை, கேள்வி கேட்டல் இல்லை. அப்பப்பாவுக்கும் பேரப்பிள்ளைக்கும் இடையே பேச்சே அற்றுப்போகும். பிள்ளை இழப்பது தமிழ் மட்டுமல்ல. வகுப்பில் பயன்பட இருந்த சிந்தனைப் பயிற்சியையும் இழக்கிறது.

நாம் செய்யக்கூடியவை

அ. வீட்டில் தமிழிலேயே தாராளமாகப் பேசுங்கள். அன்று பாடசாலையில் படித்ததைத் தமிழில் விளக்கச் சொல்லுங்கள். பிள்ளை ஆங்கிலச் சொல்லைக் கலந்தால் கோபிக்காமல் தமிழ்ச் சொல்லைச் சொல்லிக்கொடுங்கள்.

ஆ. வாரம் ஒருமுறை பொது நூலகத்துக்குக் கூட்டிச் செல்லுங்கள். புத்தகத்தைப் பிள்ளையே தெரிவு செய்யட்டும். ஒரு பக்கத்தில் ஐந்தாறு சொற்கள் விளங்காவிட்டால் அதைவிட எளிய புத்தகத்தை எடுக்கலாம். எளிய புத்தகம் என்று இகழவேண்டாம். விளங்கி வாசிக்கும் பத்துப் புத்தகம், விளங்காத ஒன்றைவிட மேலானது.

இ. ஆங்கிலத்தில் வேலை கொடுங்கள். பஸ் நேர அட்டவணையைப் பார்த்துக் கோயிலுக்கு வரும் வழியைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். சமையல் குறிப்பை வாசித்துச் செய்யச் சொல்லலாம். இரண்டு கடைகளின் விலைப் பட்டியலை ஒப்பிடச் சொல்லலாம்.

ஈ. பேசும்போது ஒவ்வொரு சொல்லிலும் பிழை பிடிக்கவேண்டாம். சரியான வாக்கியத்தை நீங்கள் சொன்னால் போதும்.

உ. ஆசிரியரைச் சந்திக்கும்போது பிள்ளை ஆங்கிலம் கற்கத் தொடங்கி எத்தனை ஆண்டு, தமிழில் எவ்வளவு வாசிக்கும் என்பதைச் சொல்லுங்கள். குறைபாடு என்று கூறப்பட்டால், மதிப்பீடு எந்த மொழியில் நடந்தது என்று மரியாதையாகக் கேளுங்கள். உண்மையான குறைபாடு இரு மொழிகளிலும் தெரியும்.

ஊ. ஆங்கிலம் கற்கும் பெரியவர்களுக்கும் இதே வழிதான். வங்காளத்தில் ஆங்கிலக் கல்வியை ஆராய்ந்த மைக்கேல் வெஸ்ட், சொற்களை அளந்து எளிய வாசிப்பு நூல்களை உருவாக்கினார். அதிகம் பயன்படும் ஏறத்தாழ 2000 சொற்களின் பட்டியலை 1953இல் வெளியிட்டார். இன்றும் அவ்வகையில் படிப்படியாக அமைந்த கதைநூல்கள் நூலகங்களில் கிடைக்கின்றன. இலக்கணப் புத்தகத்தோடு இவற்றையும் எடுத்து வாசியுங்கள்.

சிந்திக்கச் சில கேள்விகள்

1. கடந்த வாரம் உங்கள் பிள்ளையோடு ஒரு விடயத்தைப் பற்றிப் பத்து நிமிடம் தொடர்ந்து பேசினீர்களா? எந்த மொழியில்?

2. உங்கள் வீட்டில் பாடப் புத்தகம் அல்லாத புத்தகங்கள் எத்தனை உள்ளன?

3. உங்கள் பிள்ளை ஆங்கிலம் கற்கத் தொடங்கி ஐந்து ஆண்டுகள் ஆகிவிட்டனவா? ஆகவில்லையென்றால், அதன் பெறுபேறுகளைப் பார்த்து இப்போதே கவலைப்படுவது நியாயமா?

நாற்று நட்ட மறுநாள் கதிரை எதிர்பார்ப்பவன் விவசாயி அல்லன். வீட்டில் நல்ல தமிழ், கையில் விளங்கும் புத்தகம், போதிய காலம் ஆகிய மூன்றையும் கொடுப்போம். ஆங்கிலம் தானாக வளரும்.