நாக்கில் ஒரு தேசப்படம்

நமது பல் சிகிச்சைப் பிரிவின் வாசல் பெஞ்சில் ஒரு சகோதரி அழுதுகொண்டிருந்தார். சொத்தைப் பல்லைக் காட்ட வந்தவர். நாக்கில் ஒரு சிவந்த திட்டைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு, மூன்று மாதமாய் வீட்டில் ஒருவரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். புகையிலை போட்ட அவருடைய தகப்பனார் வாய்ப் புற்றுநோயில் மரித்தவர். "ஐயா, எனக்கும் அதுதான் வந்துவிட்டது" என்றார்.

டாக்டர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். "போன மாதம் இது எங்கே இருந்தது?" என்று கேட்டார். "வலது ஓரத்தில். இப்போது நடுவில் இருக்கிறது, டாக்டர்." அந்தப் பதிலே டாக்டருக்கு அதிகம் சொல்லிவிட்டது.

இதற்கு ஜியாகிரஃபிக் டங், அதாவது தேசப்பட நாக்கு என்று பெயர். நாக்கை வெல்வெட் துணிபோல் மூடியிருக்கும் நுண்ணிய மொட்டுகள் ஆங்காங்கே உதிர்ந்து, அவ்விடம் வழவழப்பாய்ச் சிவந்து, வெள்ளைக் கரையிட்ட தீவுபோல் தெரியும். சில நாட்களிலோ வாரங்களிலோ அது ஆறி, வேறிடத்தில் தோன்றும். நூற்றுக்கு 1 முதல் 3 பேருக்கு, சிறு பிள்ளைகளுக்கும்கூட, இது உண்டு. பலருக்குப் பல் டாக்டர் சொல்லித்தான் தெரியவரும். இது புற்றுநோய் அல்ல, புற்றுநோயாக மாறுவதுமில்லை, பிறருக்குத் தொற்றுவதுமில்லை.

காரணம் முழுமையாய் விளங்கவில்லை. நாக்கில் வெடிப்புள்ளவர்களுக்கும் சொரியாசிஸ் உள்ளவர்களுக்கும் அதிகமாய் வருகிறது. ஆகவே நாக்கைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் முழங்கையைப் பார்த்தால் ஆச்சரியப்படாதீர்கள். சில குடும்பங்களில் தலைமுறையாகத் தொடர்வதுமுண்டு. புகைப்பவர்களிடம் இது குறைவு என்று சில ஆய்வுகள் கூறுகின்றன. இதைக் கேட்ட ஒரு பெரியவர் என்னிடம் பீடிக்குச் சாக்குச் சொன்னார்! பீடி கொண்டுவரும் நோய்களின் பட்டியலை அவருக்குச் சொல்ல அரைமணி நேரமாயிற்று.

எரிச்சல் இல்லையென்றால் மருந்து வேண்டாம். காரமும் புளிப்பும் சூடும் பட்டு எரிகிற நாட்களில் அவற்றைக் குறைத்துக்கொள்ளலாம். அதிகமாய் எரிந்தால் பூசும் மருந்துண்டு, டாக்டர் தருவார். திட்டைப் போக்க நாக்கு வழிப்பானால் சுரண்டுவது புண்ணைத்தான் உண்டாக்கும்.

ஆனால் இடம் மாறாத புண் வேறு. இரண்டு வாரத்தில் ஆறாத புண், தடித்த கட்டி, துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டு இவற்றை உடனே காட்ட வேண்டும். புகையிலை போடுகிறவர்கள் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாது.

அந்தச் சகோதரி கண்ணைத் துடைத்துக்கொண்டு பல்லை அடைத்துக்கொண்டார். வெளியே வெற்றிலையும் புகையிலையும் மென்றுகொண்டு நின்ற அவருடைய கணவரை டாக்டர் உள்ளே அழைத்து, வாயைக் கொப்பளித்துவிட்டுத் திறக்கச் சொன்னார்.