சியாத்தர் வெந்நீரூற்று: பெயரும் கதையும்

ஜாவாத் தீவின் பாண்டுங் நகரிலிருந்து வடக்கே ஏறத்தாழ 30 கி.மீ. சென்றால், லெம்பாங் ஊரைக் கடந்து, தேயிலைத் தோட்டங்களுக்கிடையே சியாத்தரை அடைகிறோம். இப்பெயரின் முதலசையாகிய 'சி', சுந்தா மொழியில் நீரைக் குறிக்கும். சிமாஹி, சியான்ஜூர் என்னும் அயலூர்ப் பெயர்களும் அத்தகையனவே. நம் குளத்தூர்களும் ஆற்றூர்களும் நினைவுக்கு வருகின்றன.

நிலத்தில் இறங்கும் மழைநீரைச் சூடேற்றிக் கந்தகமும் அமிலமும் கலந்து வெளியேற்றுவது, 2,084 மீட்டர் உயரமுள்ள தங்குபான் பராகு எரிமலை. இந்நீரில் வெள்ளி மோதிரம் கறுத்துவிடும். கண்ணில் பட்டால் எரியும். தோல்நோய்க்கு மருந்தென நம்பி நெடுநேரம் அமிழ்ந்திருப்போர் இதனை எண்ணுவதில்லை.

மலையின் பெயருக்குக் 'கவிழ்ந்த படகு' என்பது பொருள். தாயென்று அறியாமல் தன்மீது காதல்கொண்ட மகன் சங்குரியாங்கிடம், ஓர் இரவுக்குள் ஏரியும் படகும் அமைக்குமாறு தயாங் சும்பி கேட்டாளாம். பணி முடியுந் தறுவாயில், விடியல் வந்தது போலத் தோன்றச் சூழ்ச்சி செய்தாள். அவன் சினந்து படகை உதைத்துக் கவிழ்த்தான். அதுவே மலையாயிற்று என்பர்.

இதனை வெறுங்கதை என ஒதுக்க நாம் தயங்குகிறோம். பாண்டுங் சமவெளி முற்காலத்தில் பேரேரியாக இருந்தது என்பது நிலவியலார் கண்ட முடிவு. எரிமலைப் பொருள்கள் ஆற்றை அடைத்தமையால் அவ்வேரி தோன்றியது என்பர். படகின் சினமும் இன்னும் தணிந்திலது: 2019 ஜூலை 26 அன்று அம்மலை மீண்டும் சாம்பல் உமிழ்ந்தது.