மூட்டைப்பூச்சி வடக்கிலிருந்து வரவில்லை

"எல்லாம் இந்திக்காரங்க வந்த பொறவுதானுங்க." வெள்ளகோவிலில் தறிக்குடோன், டீக்கடை, லைன் வீட்டு வாசல் என்று மூட்டைப்பூச்சிப் பேச்சு எங்கே எழுந்தாலும் இதைத்தான் சொல்கிறார்கள். கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது. சுத்தப் பொய்.

1907-லேயே மெட்ராசில் பேட்டன் என்ற மருத்துவர், கருங்காய்ச்சல் கிருமி மூட்டைப்பூச்சியின் குடலில் வளர்கிறதா என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். பனியன் கம்பெனிக்கு ஆள் தேடி வடக்கே ரயில் அனுப்பாத காலம் அது. நம் கட்டில்களில் இருப்பது வெப்பமண்டல இனமான சைமெக்ஸ் ஹெமிப்டீரஸ். தென்னிந்தியாவில் அது நெடுங்காலமாகவே இருக்கிறது. உங்கள் பாட்டி கட்டில் சட்டத்தில் கொதிநீர் ஊற்றியது எதற்காக?

கம்பெனி ஹாஸ்டலில் பூச்சி பெருகுவது உண்மை. ஏன் பெருகுகிறது என்று பாருங்கள். குஞ்சு பெரிதாவதற்குள் ஐந்து முறை தோலுரிக்கும்; ஒவ்வொரு முறைக்கும் வயிறு முட்ட ரத்தம் வேண்டும். ஒரே கட்டிலில் பகல் ஷிப்ட்காரர் எழுந்ததும் இரவு ஷிப்ட்காரர் படுத்தால், பூச்சிக்குப் பட்டினியே கிடையாது. அந்தக் கட்டிலின் மூலைத் தகட்டை நெம்பிப் பாருங்கள்: மைப்புள்ளி போல எச்சம், உரித்த தோல், ஒரு மில்லிமீட்டர் அளவில் வெள்ளை முட்டைகள். அடைத்துப் படுக்கவைத்தது யார்? ஒடிசாவிலிருந்து வந்த பையனா?

மூட்டைப்பூச்சி அழுக்கு வீட்டில்தான் வருமாம். அதற்குத் தேவை ரத்தம், குப்பையல்ல. நோய் பரப்புமாம். பேட்டனும் அப்படித்தான் சந்தேகப்பட்டார். கருங்காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈ என்று பின்னால் உறுதியானது. மெத்தையை வெயிலில் போட்டால் போதுமாம். அடிப்பக்க நிழலுக்கு ஓடிவிடும். 50 டிகிரியை ஒட்டிய சூடு உள்ளே வரை ஏறினால்தான் சாகும்.

நெல் மூட்டைக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் படுக்கையறையில் வைக்காதீர்கள். ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயு கிளம்பும். பூச்சிக்கு முன் பிள்ளைகள் போய்விடுவார்கள். வயலுக்கு வாங்கிய மருந்தும் மெத்தைக்கு வேண்டாம்.

துணிகளைக் கொதிநீரில் அலசுங்கள், கட்டில் மூட்டுகளில் கொதிநீர் ஊற்றுங்கள், முட்டை பொரிந்து குஞ்சு வரும் என்பதால் வாரம் ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். சுவர் வெடிப்புகளைச் சிமென்ட் வைத்து அடைக்க வேண்டும். லைன் வீட்டில் அது வாடகை வாங்குகிறவரின் செலவு. ஒரு அறையை மட்டும் பூசினால் பூச்சி பக்கத்து அறைக்குப் போய்த் திரும்பும், ஆகவே வரிசை முழுவதையும் ஒரே நாளில் பூசுங்கள்.