வீட்டு இணையக் கருவிகளில் பழுதறியும் முறை

ரேடியோப் பெட்டி பாடாமல் நின்றுவிட்டால் அதன் தலையில் தட்டிப் பார்ப்பது ஒரு காலத்தில் வழக்கமாக இருந்தது. இணையம் நின்றுவிட்டால் ரூட்டரை அணைத்து மீண்டும் போடுவது இக்காலத்து வழக்கம். இரண்டு முறைகளிலும் சில வேளைகளில் பயன் கிடைக்கிறது. ஆயினும், ஏன் பயன் கிடைத்தது என்பது தெரிவதில்லை. காரணம் தெரியாமல் மறைந்த பழுது மீண்டும் தலைகாட்டும்.

நகரங்களில் பழுதுபார்ப்பவரை அழைப்பது எளிது. கிராமங்களின் நிலை வேறு. 2011ஆம் ஆண்டில் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்னும் பெயரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்ட திட்டம், ஏறத்தாழ 2.5 லட்சம் ஊராட்சிகளை ஒளியிழையால் இணைப்பதை நோக்கமாகக் கொண்டது. இணைப்பு வந்த ஊரில் அது ஒரு வாரம் செயலற்றுக் கிடந்தால், பள்ளிப் பாடமும் அலுவலகப் பணியும் தடைப்படுகின்றன. அன்றியும், அடாப்டர் கெட்டதற்காக நல்ல ரூட்டரையே தூக்கியெறியும் வீண்செலவும் நேர்கிறது. பழுது எங்கே உள்ளது என்பதை முறைப்படி அறிய எவரும் கற்றுக்கொள்ளலாம். பல சோதனைகளுக்குத் தனிக் கருவிகளும் வேண்டியதில்லை.

அடிப்படை விதி

கணினியில் ஒரு பக்கம் தோன்றுவதற்குச் செய்தி பல கண்ணிகள் கொண்ட சங்கிலியின் வழியே வருகிறது. சேவை நிலையம், ஒளியிழை, ஒளி மோடம், கேபிள், ரூட்டர், வைஃபை அலை, கணினி என அவை தொடர்கின்றன. ஒரு கண்ணி அறுந்தாலும் முடிவு ஒன்றே: பக்கம் தோன்றாது.

எட்டுக் கண்ணிகளில் ஒன்று பழுது என்று கொள்வோம். ஒரு முனையிலிருந்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் ஏழு சோதனைகள் வரை தேவைப்படலாம். நடுவில் சோதித்து, எந்தப் பாதி நன்றாக உள்ளது என்று அறிந்து, மற்றப் பாதியை மீண்டும் இரண்டாகப் பகுத்தால் மூன்றே சோதனைகளில் பழுது அகப்படும். இதனுடன் ஒரு கட்டுப்பாடும் வேண்டும்: ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். கேபிளையும் அடாப்டரையும் ஒருங்கே மாற்றியவர், பழுது எதிலிருந்தது என்று ஒருபோதும் சொல்ல இயலாது.

முதலில் மின் ஊட்டம்

எல்லாக் கண்ணிகளுக்கும் பொதுவானது மின்சாரம்; ஆதலால் அதை முதலில் பார்த்தல் முறை. ரூட்டரின் அடாப்டர் 230 வோல்ட் மின்சாரத்தை, பெரும்பாலும் 12 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. அதனுள் இருக்கும் மின்பகு மின்தேக்கி வெப்பத்தால் மெல்ல வறண்டு போகிறது. வெப்பநிலை 10 டிகிரி உயருந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகக் குறையும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் கணக்கு.

இவ்வாறு நலிந்த அடாப்டர் ஏமாற்றும் தன்மையது. தனியே மீட்டரில் அளந்தால் 12 வோல்ட் காட்டும். ரூட்டருடன் இணைத்து மின்னோட்டம் இழுக்கப்படும்போது அழுத்தம் சரிந்துவிடும். விளக்குகள் எரிந்தும், ரூட்டர் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தானே அணைந்து தொடங்குமாயின், முதலில் ஐயுற வேண்டியது அடாப்டரையே. வேறொரு நல்ல அடாப்டரை இணைத்துப் பார்ப்பதே தக்க சோதனை. மாற்று அடாப்டரின் வோல்ட் அளவு சமமாகவும், ஆம்பியர் அளவு சமமாகவோ கூடுதலாகவோ இருத்தல் வேண்டும். முளையின் உட்புறம் நேர்முனையா எதிர்முனையா என்பதைக் காட்டும் குறியும் ஒத்திருக்க வேண்டும்.

விளக்குகள் கூறும் செய்தி

ஒளி மோடத்தின் முகப்பில் எல்.ஓ.எஸ். என்று குறிக்கப்பட்ட விளக்கு சிவப்பாக எரிந்தால் அல்லது மின்னினால், ஒளியிழையின் வழியே ஒளி வந்து சேரவில்லை என்று பொருள். இழை அலமாரியின் பின்னால் நசுங்கியோ கூர்மையாக மடங்கியோ இருக்கிறதா என்று பார்த்து, மெதுவாக நேர்செய்யலாம். அதன் பின்பும் சிவப்பு மறையாவிடில் பழுது வெளித்தடத்தில் இருக்கக்கூடும்; சேவை நிலையத்திற்கு அறிவிப்பதே முறை. அந்நிலையில் ரூட்டரின் அமைப்புகளை மாற்றுவதால் யாதொரு பயனுமில்லை.

நடுவிலிருந்து சோதனை

விளக்குகள் யாவும் சரியாக இருப்பின், சங்கிலியின் நடுக் கண்ணியாகிய ரூட்டரை உசாவ வேண்டும். கணினிகளில் உள்ள பிங் என்னும் கட்டளை, ஒரு முகவரிக்குச் சிறு செய்தி அனுப்பி மறுமொழியை எதிர்பார்க்கிறது. ரூட்டரின் முகவரி பல வீடுகளில் 192.168.1.1 ஆக இருக்கும். கணினியின் இணைப்பு விவரத்தில் கேட்வே என்ற தலைப்பில் அதைக் காணலாம்.

1. ரூட்டரிடமிருந்து மறுமொழி வராவிடில், பழுது கணினிக்கும் ரூட்டருக்கும் இடைப்பட்டது. கணினியின் முகவரி 169.254 என்று தொடங்குமாயின், ரூட்டர் வழங்க வேண்டிய முகவரி அதற்குக் கிடைக்கவில்லை என்று அறியலாம்.

2. ரூட்டர் மறுமொழி தந்தால், 8.8.8.8 போன்ற வெளி முகவரியை உசாவ வேண்டும். மறுமொழி இல்லையேல் பழுது ரூட்டருக்கு அப்பால் இருக்கலாம். சில இடங்களில் இத்தகைய வினாக்கள் தடுக்கப்படுவதுண்டு. ஆகவே இரண்டொரு முகவரிகளைச் சோதித்த பின்னரே முடிவு கூறல் நலம்.

3. வெளி முகவரி மறுமொழி தந்தும் இணையப் பக்கங்களின் பெயர்கள் மட்டும் பலிக்கவில்லையெனில், பெயரை எண்ணாக மாற்றித் தரும் டி.என்.எஸ். பணியிலே குறை உள்ளது.

அலையும் கம்பியும்

முதல் நிலையில் பழுது தென்பட்டால், அதே கணினியைக் கேபிளால் ரூட்டருடன் இணைத்துப் பார்க்க வேண்டும். கேபிளில் இயங்கி வைஃபையில் இயங்காவிடில், குறை வைஃபை பகுதியைச் சார்ந்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைகளை எஃகு அலமாரியும் நீர்த்தொட்டியும் மறைக்கும். மைக்ரோவேவ் அடுப்பு குழப்பும். அண்டை வீட்டு ரூட்டர்களால் நெருக்கடி ஏற்படின், ஒன்றோடொன்று மேற்படியாத 1, 6, 11 ஆகிய தடங்களுள் நெருக்கடி குறைந்ததைத் தேர்ந்துகொள்ளலாம்.

கேபிளுள் எட்டுக் கம்பிகள் நான்கு இணைகளாக முறுக்கப்பட்டுள்ளன. வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு இணைகள் போதும். 1000 மெகாபிட்டுக்கு நான்கும் வேண்டும். ஆகையால், இருபுறக் கருவிகளும் 1000க்கு உரியனவாக இருந்தும் இணைப்பு 100 என்றே காட்டினால், ஒரு கம்பி அறுந்திருக்கலாம் என ஐயுறலாம். இவ்வகைக் கேபிளின் நீளம் 100 மீட்டரை மிகலாகாது.

செய்யக்கூடாதவை

அடாப்டரின் உறையைப் பிரிக்கலாகாது. மின் செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேற்பட்ட அழுத்தம் சிறிது நேரம் தங்கியிருக்கக்கூடும். கழற்றிய ஒளியிழையின் முனையைக் கண்ணருகே கொண்டுவரலாகாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குப் புலப்படாதது, ஆயினும் கண்ணைத் தாக்க வல்லது. இடி மின்னலின்போது எந்தக் கம்பியையும் தொட்டுச் சோதித்தல் ஆகாது.

ரூட்டரின் சிறு துளைக்குள் இருக்கும் ரீசெட் பொத்தானையும் அவசரப்பட்டு அழுத்தலாகாது. மின்சாரத்தை அரை நிமிடம் நிறுத்திப் போடுவது வேறு; இப்பொத்தானை நெடுநேரம் அழுத்துவது வேறு. பின்னது, சேவை நிலையம் பதிந்து தந்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடும். சிறு பழுது இவ்வாறே பெரும் பழுதாகிறது.

பதிவேடு

இணைப்பு நன்றாக இயங்கும் நாளிலேயே எந்த விளக்கு எந்நிறத்தில் எரிகிறது, ரூட்டரின் முகவரி யாது, அடாப்டரின் அளவுகள் யாவை என்பவற்றை எழுதிவைக்க வேண்டும். நலமான நிலை தெரிந்தால்தான் நலக்கேடு புலப்படும். பழுது நேர்ந்த நாளில் சோதனையையும் விடையையும் வரிசையாகக் குறித்து வைத்தால், சேவை நிலையத்திற்கு முறையிடும்போது "இணையம் வரவில்லை" என்பதற்கு மாறாக, "ரூட்டர் மறுமொழி தருகிறது, வெளி முகவரிகள் தரவில்லை" என்று திட்டமாகக் கூறலாம். உண்மையிலேயே கெட்டுப்போன கருவியைக் குப்பையில் எறியாமல், அதிகாரம் பெற்ற மின்னணுக் கழிவுச் சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும்.

பயிற்சி வினாக்கள்

1. பதினாறு கண்ணிகளுள் ஒன்று பழுதானால், பாதியாகப் பகுக்கும் முறையில் எத்தனை சோதனைகள் வேண்டும்?

2. ஒரு பள்ளியில் காலையில் இணைந்த கணினிகள் நன்றாக இயங்குகின்றன. பிற்பகலில் புதிதாக இணைந்தவற்றின் முகவரிகள் மட்டும் 169.254 என்று தொடங்குகின்றன. ரூட்டரின் எந்த அமைப்பை ஆராய வேண்டும்? ஏன்?

3. மீட்டரில் சரியான வோல்ட் காட்டும் அடாப்டரும் பழுதாக இருக்க இயலும். காரணம் கூறுக.