குட்டி நாய்க்குப் பெரிய நாய் நடத்தும் பாடம்



நாய் என்றவுடன் "நாய் நன்றியுள்ள பிராணி, வீட்டைக் காக்கும்" என்று நாலு வரி எழுதி முடித்து விடுவோம். ஐந்தாம் வகுப்பிலிருந்து அதையேதான் எழுதுகிறோம். இந்த மாதம் நான் வேறு ஒன்று எழுதுகிறேன். நம்ம ஊரில் நிறைய வீட்டில் ஒரு வயசான நாய் இருக்கும்போதே ஒரு குட்டியையும் தூக்கிட்டு வந்து விடுகிறார்கள். இரண்டும் சண்டை இல்லாமல் விளையாட, குட்டிக்கு எப்படிப் பழக்குவது? அதுதான் கட்டுரை.

முதலில் குட்டியின் பல்லைப் பற்றித் தெரிந்து கொள்ள வேண்டும். குட்டி பிறந்து சுமார் இரண்டு வாரத்தில் கண் திறக்கும். மூன்றாவது வாரத்திலிருந்து பால் பல் முளைக்கும். மொத்தம் 28. எல்லாம் ஊசி மாதிரி இருக்கும், கடி வாங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் தாடையில் பலம் இருக்காது. கூடப் பிறந்த குட்டியை விளையாட்டில் ஓங்கிக் கடித்தால் அது வீல் என்று கத்திவிட்டு விளையாட்டை விட்டுப் போய் விடும். அம்மா நாயைக் கடித்தால் அது பால் கொடுக்காமல் எழுந்து போய் விடும். "ஓ, இவ்வளவு அழுத்தினால் வலிக்கும் போல" என்று குட்டி இப்படித்தான் கற்றுக் கொள்கிறது. வாயால் கவ்வலாம், பல் அழுந்தக் கூடாது. இதுதான் நாய்களின் முதல் பாடம்.

அமெரிக்காவில் பார் ஹார்பர் என்ற ஊரில் ஸ்காட், ஃபுல்லர் என்ற இரண்டு விஞ்ஞானிகள் பல வருடம் நாய்க்குட்டிகளை வளர்த்துப் பார்த்து 1965-ல் ஒரு புத்தகம் எழுதினார்கள். மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம் வரைதான் குட்டி மற்ற நாய்களோடும் மனிதரோடும் பழகக் கற்கிற முக்கியமான காலம் என்று அதில் சொன்னார்கள். வெளிநாட்டு நாய்க்குத்தான் ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். மேற்கு வங்காளத்தில் காட்வா என்ற ஊரில் தெருநாய்க் குட்டிகள் எப்படி விளையாடுகின்றன என்று எஸ்.கே.பால் என்பவர் கவனித்து 2010-ல் ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார். தெருநாய் விளையாடுவதையும் ஒருத்தர் நோட்டுப் போட்டு எழுதியிருக்கிறார் பாருங்கள்!

நம்ம பக்கம் என்ன செய்கிறோம்? கண் திறந்து ஓட ஆரம்பித்ததும், இருபது இருபத்தைந்து நாளிலேயே "ஆண் குட்டி எனக்கு" என்று சாக்கில் போட்டுத் தூக்கி வந்து விடுகிறோம். 2017-ல் மத்திய அரசு கொண்டு வந்த விதிப்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது. சும்மா வாங்குகிற குட்டிக்கும் அதே எட்டு வாரம் தேவைதானே. சீக்கிரம் பிரித்த குட்டிக்குப் பாதிப் பாடம்கூட நடந்திருக்காது. மீதியை யார் நடத்துவது? வீட்டில் இருக்கிற பெரிய நாய்தான்.

எங்கள் வீட்டு மணிக்குப் பத்து வயது. பின்னங்கால் வலி உண்டு. செவலைக் குட்டி வந்தபோது அதற்கு ஒரு மாதம்தான் இருக்கும். அதன் தாய் லாரியில் அடிபட்டுப் போனதால் வேறு வழி இல்லை. செவலை நாள் முழுக்க மணியின் காதைப் பிடித்து இழுக்கும், வாலில் தொங்கும். மூன்றாம் நாள் மணி உர்ரென்று உறுமி, பல்லைக் காட்டி, குட்டியின் மூஞ்சிக்கு நேரே 'லபக்'கென்று காற்றைக் கடித்தது. குட்டி கத்தின கத்தலில் தெருவே கூடிவிட்டது. "கிழட்டு நாய் குட்டியைக் கொன்னுடும், கொண்டு போய் எங்கயாவது விட்டுட்டு வந்துருங்க" என்று பெரியப்பா டி.வி.எஸ். ஐம்பதை எடுத்து விட்டார். அப்பாயிதான் குட்டியைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தது. ஒரு கீறல்கூட இல்லை. "கடிச்சிருந்தா ரத்தம் வந்திருக்கும்டா. அது அதட்டுது. தாயில்லாத குட்டிக்கு வேற யாரு சொல்லிக் குடுப்பா?" என்றது. மணி பிழைத்தது.

உறுமல் என்பது சண்டை இல்லை, எச்சரிக்கை. உறுமியதற்காகப் பெரிய நாயை அடித்தால் அது உறுமுவதை விட்டு விடும், பிறகு சொல்லாமலே கடிக்கும். நிறைய பெரிய நாய்கள் குட்டிக்கு நாலு மாதம் வரை இடம் கொடுக்கும், அதற்கு மேல் கண்டிப்பு அதிகமாகும். அதற்குள் குட்டி மரியாதை பழகிக்க வேண்டும்.

ஆனால் எல்லாவற்றையும் பெரிய நாய் தலையில் கட்டிவிட்டு நாம் டி.வி. பார்க்கப் போகக் கூடாது. பார்த்துக் கொண்டே இருக்க வேண்டும். நல்ல விளையாட்டு என்றால் உடம்பு விறைப்பாக இருக்காது. இது துரத்தும், அப்புறம் அது துரத்தும். பெரிய நாய் தானே மல்லாந்து படுத்துக் குட்டிக்கு விட்டுக் கொடுக்கும். நடுவில் இரண்டும் நின்று மூச்சு வாங்கும். முன்னங்கால் இரண்டையும் நீட்டி, நெஞ்சைத் தரையோடு தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கி நிற்குமே, பார்த்திருக்கிறீர்களா? அது 'வா விளையாடலாம்' என்ற அழைப்பு. மார்க் பெக்காஃப் என்ற விஞ்ஞானி 1995-ல் எழுதியதில், முரட்டுக் கடிக்கு முன்னாலும் பின்னாலும் நாய்கள் இப்படிக் குனிவதாகச் சொல்கிறார். 'இது விளையாட்டுக்குத்தான், கோவிச்சுக்காதே' என்று சொல்வது மாதிரி.

வால் கால் இடுக்கில் போனாலோ, பெரிய நாய் முகத்தைத் திருப்பி உதட்டை நக்கினாலோ, கண்ணின் வெள்ளை தெரிய அசையாமல் நின்றாலோ போதும் என்று அர்த்தம். சந்தேகமாக இருந்தால் ஒரு சோதனை செய்யலாம், எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். குட்டியை மட்டும் தூக்கிப் பிடித்துக் கொள்ளுங்கள். பெரிய நாய் வாலாட்டிக்கொண்டு கிட்டே வந்தால் அதற்கும் விளையாட ஆசை. 'அப்பாடா' என்று எழுந்து போனால் அன்றைக்கு விளையாட்டு முடிந்தது. மணி பாதி நாள் எழுந்து போய் விடும்.

குட்டி அடங்காமல் மேலே விழுந்தால் சத்தம் போடாமல் தூக்கிப் போய் ஒரு நிமிடம் இரண்டு நிமிடம் தனியாகக் கட்டிவிட்டு மறுபடி விட வேண்டும். 'முரட்டுத்தனம் பண்ணினால் ஆட்டம் நின்று போகும்' என்று பத்து இருபது தடவையில் அதற்கே புரியும். அடித்தால் புரியாது, பயம்தான் வரும். முதல் தடவை விடும்போது பெரிய நாய் படுக்கிற இடத்திலோ, சோறு வைக்கிற இடத்திலோ விடாதீர்கள். களத்துமேட்டில், கயிற்றைத் தளரப் பிடித்து, ஐந்து நிமிடம் போதும். எலும்பு, கருவாட்டுத் தலை எதுவும் கிடக்கக் கூடாது. பெரிய நாய்க்கு ஒதுங்க ஓர் இடமும் வேண்டும். எங்கள் வீட்டில் அது திண்ணை. செவலையால் அப்போது ஏற முடியாது.

பையன்கள் சில பேர் "சூ... சூ..." என்று இரண்டையும் உசுப்பி விட்டு வேடிக்கை பார்க்கிறார்கள். யார் என்று எழுத மாட்டேன், அவர்களுக்கே தெரியும். ரோட்டோரத்தில் விளையாட விடுவதும் வேண்டாம். சுண்ணாம்புக்கல் லாரி வரும்போது துரத்துகிற குட்டி திரும்பிப் பார்க்காது.

குட்டிக்கு ஊசி போட்டு முடியும் வரை ஊர் நாய் எல்லாவற்றோடும் சேர்க்காமல், ஊசி போட்ட ஆரோக்கியமான நாயோடு மட்டும் விடுவது நல்லது. ரத்தக் கழிச்சல் வரும் பார்வோ நோய் நாய்க்கு நாய் சீக்கிரம் பரவும். வெறிநோய்த் தடுப்பூசி மூன்று மாதத்தில் போட வேண்டும்.

நிஜமாகவே சண்டை வந்து விட்டால் நடுவில் கையை விடாதீர்கள். வாளித் தண்ணீரை ஊற்றுங்கள், இல்லை ஒரு சாக்கை மேலே வீசுங்கள். பல் உங்கள் மேல் பட்டு விட்டால், வீட்டு நாயானாலும், குட்டியானாலும், உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்கக் கூடாது. அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய் விடுங்கள். அங்கே ஊசி இலவசம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவி,
ஆலத்தியூர்