விழுப்புரத்துக்கு இன்னா, அட்டா?

விழுப்புரத்தில் குடியிருப்பவர் ஆங்கிலத்தில் 'இன் விழுப்புரம்' என்பார். அங்கே ரயில் நிற்கும் என்று சொல்லும்போது 'அட் விழுப்புரம்' என்றாகிவிடும். ஊர் அதேதான், பார்க்கிற கண்தான் வேறு. குடியிருப்பவருக்கு அது தெருவும் கடையுமாகச் சுற்றி விரிந்த இடம். பயணிக்கோ தண்டவாளத்தில் ஒரு புள்ளி. தமிழில் 'இல்' என்ற ஒரே உருபு இரண்டுக்கும் போதும். அதனால்தான் 'பெரிய ஊருக்கு இன், சிறிய ஊருக்கு அட்' என்ற பள்ளிக்கூடச் சூத்திரத்தைப் பிடித்துக்கொள்கிறோம். அதை விட்டுவிடலாம். புள்ளியாகப் பார்த்தால் அட், கோடாகவோ பரப்பாகவோ பார்த்தால் ஆன், உள்ளே இருக்கக்கூடிய இடமாகப் பார்த்தால் இன்.

திருச்சி 'ஆன் த காவேரி'. ஊர் தண்ணீரில் மிதக்கிறது என்று பொருளல்ல. ஆறு ஒரு கோடு, அதை ஒட்டி ஊர். ஸ்ரீரங்கமோ ஆற்றுக்கு நடுவே உள்ள தீவு என்பதால் 'ஆன் ஐலண்ட் இன் த காவேரி'. இங்கே முதலில் வரும் 'ஆன்' வெறும் 'ஒரு'தான், குழம்ப வேண்டாம். அந்தத் தீவில் வசிப்பவர் 'ஆன் த ஐலண்ட்' வசிக்கிறார். இலங்கையைத் தீவாகச் சொன்னாலும் ஆன்தான், நாடாகப் பெயர் சொன்னால் 'இன் ஸ்ரீலங்கா'.

திசை சொல்லும்போது ஒரு சிறு சொல் ஊரையே இடம் மாற்றிவிடும். புதுச்சேரி 'டு த சவுத் ஆஃப் சென்னை', அதாவது சென்னைக்கு வெளியே தெற்கில். 'இன் த சவுத் ஆஃப் சென்னை' என்றால் அடையாறு, வேளச்சேரி.

மரத்தில் பழம், மரத்தில் குரங்கு: நமக்கு இரண்டும் ஒன்று. ஆங்கிலத்தில் மரத்துக்கே சொந்தமான பழமும் இலையும் ஆன். வெளியிலிருந்து வந்து கிளைகளுக்குள் உட்கார்ந்திருக்கும் குரங்கும் காக்கையும் இன். சுவரில் மாட்டிய கடிகாரம் ஆன், சுவரில் விழுந்த ஓட்டை இன். வண்டிகளில் காருக்கும் ஆட்டோவுக்கும் இன், எழுந்து நடக்க முடிகிற பஸ், ரயில், விமானத்துக்குப் பெரும்பாலும் ஆன்.

வழி சொல்வதில் அதிகம் சிக்கவைப்பது நம் 'எதிரே'. பேங்க்குக்கு எதிரே நிற்கிறேன் என்பதை 'இன் ஃப்ரன்ட் ஆஃப் த பேங்க்' என்று சொன்னால், கேட்பவர் பேங்க் வாசலில் வந்து தேடுவார். நீங்கள் சாலைக்கு அந்தப் பக்கம் நிற்கிறீர்கள் என்றால் 'ஆப்போசிட் த பேங்க்' என்று சொல்ல வேண்டும். இடையில் ஒரு 'த' சேர்ந்து 'இன் த ஃப்ரன்ட் ஆஃப்' ஆனால் உள்ளேயே முன்பகுதி: காரில் டிரைவர் பக்கத்து இருக்கை. 'பிஃபோர்' என்பதை இதற்குப் பதிலாகப் போடாதீர்கள். 'பிஃபோர் த டெம்பிள்' திரும்பு என்றால், போகிற வழியில் கோயில் வருவதற்கு முன்பே திரும்பு என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

'மேலே', 'கீழே' இரண்டுக்கும் பாம்பனைவிட நல்ல பாடம் கிடைக்காது. அங்கே ரயில் பாலமும் சாலைப் பாலமும் கடலைக் கடக்கின்றன. குறுக்கே கடப்பதால் 'ஓவர் த சீ'. சாலைப் பாலத்தில் நின்று பார்த்தால் ரயில் தடம் தாழ்வாக, பக்கவாட்டில் தெரியும். அது 'பிலோ', நேர் அடியில் இல்லாததால் 'அண்டர்' பொருந்தாது. பாலத்துக்கு அடியில் நுழைந்து போகும் படகுக்குத்தான் அண்டர். தொடாமல், கடக்காமல் வெறும் உயரத்தை அளந்தால் அபவ்: ஊட்டி கடல் மட்டத்துக்கு ஏறத்தாழ 2,240 மீட்டர் 'அபவ்'. கேரளத்துக் குட்டநாட்டு வயல்கள் பல கடல் மட்டத்துக்கு 'பிலோ'.

சில இடங்களில் பார்வை உதவாது, வழக்கம்தான் தீர்ப்பு. வீடு தெருவில் இருப்பதைப் பிரிட்டிஷார் 'இன் த ஸ்ட்ரீட்' என்பார்கள், அமெரிக்கர் 'ஆன்' என்பார்கள். ஒன்றைப் பிடித்துக்கொண்டு அதிலேயே நில்லுங்கள். லீவு லெட்டரில் மட்டும் கவனம். 'மை ஃபாதர் இஸ் இன் ஹாஸ்பிட்டல்' என்று பிரிட்டிஷ் பாணியில் எழுதினால் அப்பா படுக்கையில் இருக்கிறார். 'அட் த ஹாஸ்பிட்டல்' என்றால் அவர் யாரையாவது பார்க்கப் போயிருக்கலாம், அங்கேயே வேலை செய்பவராகவும் இருக்கலாம். மேலாளர் லீவு தரத் தயங்குவார்.